குழாய்க் கட்டு இயந்திரமும் கழற்றிவிடப்படும் கைகளும்

இரும்புக் குழாய் ஆலை என்றதும் உருகும் எஃகும், சுழலும் உருளைகளும், தீப்பொறி பறக்கும் பற்றவைப்பும் நினைவுக்கு வருகின்றன. செய்து முடித்த குழாய்களை எண்ணி, அடுக்கி, பட்டையால் கட்டி, லாரியில் ஏற்றும் கடைசிப் பகுதியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆலை வாசலுக்கு மிக அருகில் இருக்கும் அந்தப் பகுதியில்தான் கைகளின் உழைப்பு மிகுதியாகச் செலவாகிறது. பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் பெயரில் வேலைக்கு வந்தவர்களே அங்கே நிற்கிறார்கள். இப்போது தானியங்கி இயந்திரங்கள் வேகமாக நுழைந்துகொண்டிருப்பதும் அங்கேதான்.

இந்த இயந்திரம் என்ன செய்கிறது, அது வரும்போது சட்டத்தின் எந்தப் பக்கம் மூடுகிறது, எந்தப் பக்கம் திறக்கிறது, தலித் தொழிலாளர்களும் அவர்களுடைய சங்கங்களும் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

கையால் கட்டும்போது நடப்பது

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். தண்ணீர்க் குழாய்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1239. அதன்படி இரண்டு அங்குல நடுத்தர வகைக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 60.3 மில்லிமீட்டர், சுவர்க்கனம் 3.6 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் ஏறத்தாழ 5 கிலோ. வழக்கமான 6 மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாயின் எடை 30 கிலோ. நான்கு அங்குலக் குழாய் என்றால் ஒன்றே 73 கிலோ வரும். ஒரு பணிநேரத்தில் 1,000 இரண்டு அங்குலக் குழாய்கள் கட்டப்படுகின்றன என்று வைத்துக்கொண்டால், அந்தக் குழுவின் கைகள் வழியாக 30 டன் இரும்பு கடந்து போகிறது.

ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. ஆனால் குழாய் வேலையில் ஆபத்து எடையில் மட்டும் இல்லை. உருண்டையான பொருள் நிற்காது, உருளும். அடுக்கில் ஒரு குழாய் நழுவினால் மற்றவையும் நகரும். இடையில் மாட்டிய விரல் நசுங்கும். வெட்டிய முனையில் நிற்கும் பிசிறு கையுறையைக் கிழிக்கும். இறுக்கிய எஃகுப் பட்டை அறுந்தால் சவுக்குபோல் வீசி முகத்தையும் கண்ணையும் தாக்கும். குழாயோடு குழாய் மோதும் ஓசை ஆண்டுக்கணக்கில் செவித்திறனைத் தின்றுவிடும். நீரழுத்தச் சோதனை முடிந்து வரும் குழாய்களிலிருந்து வடியும் தண்ணீரும் பூச்சு எண்ணெயும் தரையை எப்போதும் வழுக்கலாகவே வைத்திருக்கும்.

இயந்திரம் செய்வது

தானியங்கி வரிசையில் இந்த வேலை பல படிகளாகப் பிரிக்கப்படுகிறது. முனை சீவி, சோதனை முடிந்து வரும் குழாய்கள் உருளைப் பாதையில் வருகின்றன. ஒவ்வொன்றின் நீளமும் எடையும் தானாக அளக்கப்பட்டு, மேலே தரக்குறியும் தொகுதி எண்ணும் அச்சிடப்படுகின்றன. உணர்கருவி எண்ணிக்கையைக் கவனிக்கிறது. ஒரு அடுக்குக்கு வேண்டிய குழாய்கள் சேர்ந்ததும் காந்தக் கரங்களோ தாங்கு கரங்களோ அவற்றை மொத்தமாகத் தூக்கி, கட்டு உருவாகும் தொட்டிலில் வைக்கின்றன.

உருண்டைக் குழாய்களை அறுகோண வடிவில் அடுக்குவது வழக்கம். 3, 4, 5, 4, 3 என ஐந்து அடுக்குகள் வைத்தால் 19 குழாய்கள். 4, 5, 6, 7, 6, 5, 4 என ஏழு அடுக்குகள் வைத்தால் 37. அதற்கும் மேல் 61, 91 என்று போகும். ஒவ்வொரு குழாயும் கீழே உள்ள இரண்டின் பள்ளத்தில் உட்காருவதால் இந்த வடிவம் குலையாது. எண்ணாமலே எண்ணிக்கையும் தெரிந்துவிடும். சதுரக் குழாய்களுக்குச் செவ்வகக் கட்டு. இரண்டு அங்குலக் குழாய்கள் 37 சேர்ந்த ஒரு கட்டு 1,100 கிலோவுக்கு மேல்.

அடுக்கி முடிந்ததும் கட்டு நகர்ந்து, பட்டை கட்டும் தலைகளின் கீழ் நிற்கிறது. பட்டை சுற்றி வந்து இறுகி, கிளிப்பாலோ பற்றவைப்பாலோ பூட்டப்படுகிறது. பின்பு கட்டு சாய்க்கப்பட்டு உள்ளே தேங்கிய நீர் வடிக்கப்படுகிறது; எடை பார்த்து, அடையாள அட்டை மாட்டி, கிரேன் எடுக்கும் இடத்துக்குத் தள்ளப்படுகிறது. குட்டையாக வெட்டிய துண்டுகளாக இருந்தால் இயந்திரக் கரம் அவற்றை மரத்தட்டின்மீது அடுக்குகிறது. ஏற்றுமதிச் சரக்கு என்றால் அந்த மரம்கூடப் பன்னாட்டு விதிப்படி, உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதாக இருக்க வேண்டும். இருபது அடிக் கொள்கலனின் உள்நீளம் 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால் அதில் ஏறும் குழாய் 5.8 மீட்டராக வெட்டப்படுகிறது.

மரத்துக்கும் குழாய்க்கும் இத்தனை துல்லியமான விதிகள் உண்டு. அவற்றைத் தூக்கியவருக்கு என்ன விதி என்ற கேள்வியை எழுப்புவதே நம் வேலை.

இயந்திரத்தை நாம் எதிர்க்கிறோமா?

இல்லை. நாள் முழுதும் 30 கிலோ இரும்பைத் தூக்குவதில் காப்பாற்ற வேண்டிய மாண்பு ஒன்றும் கிடையாது. இயந்திரத்தையும் நவீன நாகரிகத்தையும் பழித்த காந்தியச் சிந்தனைக்கு அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளிவந்த தம் நூலில் கடுமையாக மறுப்புரைத்தார். மனிதன் விலங்கைப்போல் உழைப்பதிலிருந்து விடுபட்டு ஓய்வும் பண்பாடும் பெற இயந்திரம் வேண்டும்; குறை இயந்திரத்தில் இல்லை, அதன் பயனைச் சிலர் மட்டும் எடுத்துக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

பாதாளச் சாக்கடையில் மனிதர் இறங்கக் கூடாது, இயந்திரம் இறங்க வேண்டும் என்று போராடுகிறவர்கள் நாம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2014இல் சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும் மனிதர்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உயிரைக் காக்க இயந்திரம் வேண்டிய இடத்தில் அது வருவதில்லை. கூலியை மிச்சம் பிடிக்க முடிகிற இடத்தில் உடனே வந்துவிடுகிறது. எங்கே, எப்போது இயந்திரம் வரும் என்பதை ஆபத்தின் அளவு தீர்மானிப்பதில்லை; கணக்குப் புத்தகம் தீர்மானிக்கிறது. இந்த உண்மையை மறந்துவிட்டுத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச முடியாது.

கருவியின் ஒரு சிறு உறுப்பு சாதிக்கு வேலியாக நின்ற வரலாறும் நமக்கு உண்டு. பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்கள் சேர்க்கப்படவில்லை. தறியின் நாடாவில் நூல் கோக்க, அதன் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது; ஒரே நாடாவில் தலித்தின் வாயும் படுவதை மற்றவர்கள் ஏற்கவில்லை. 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது இந்த விலக்கை அகற்ற வேண்டும் என்று அம்பேத்கர் கோரினார். நாடா மாறியது, வேலி வேறு உருவம் எடுத்தது. இன்றைய ஆலையில் ‘நிரந்தரம்’, ‘ஒப்பந்தம்’ என்ற இரண்டு நிற அடையாள அட்டைகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் தொழிலாளியின் பெயர் இருக்கும், தந்தை பெயர் இருக்கும், ஊர் இருக்கும், சாதி இருக்காது. அதனால் எந்தச் சாதியினர் எந்த வேலையில் குவிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை ஆலையின் காகிதம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாது.

துப்புரவும் சுமையும்: சட்டம் ஒன்றாகக் கட்டிய இரண்டு

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இல் வந்தது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அதன் 10ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் அளித்தது. அதன்கீழ் 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, கட்டடங்களைப் பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசு தட்டுதல், காவல் ஆகிய வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்தது. மேற்கு வங்க அரசு 1989இல் இந்திய உருக்கு ஆணையத்தின் சரக்குக் கிடங்குகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்தது. அங்கே இரும்பையும் எஃகையும் கையாண்டவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

பெருக்குபவர்களின் வழக்கில் 1996இல், ஒப்பந்த முறை ஒழிந்தால் தொழிலாளர் தாமாகவே முதன்மை வேலையளிப்பவரின் பணியாளர் ஆகிவிடுவர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏர் இந்தியா தீர்ப்பு என அறியப்படுவது இதுதான். ஐந்தே ஆண்டுகளில், 2001 ஆகஸ்ட் 30 அன்று, உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைக் கவிழ்த்தது. தாமாக நிரந்தரமாவது கிடையாது என்பதோடு, 1976 அறிவிக்கையும் ரத்து செய்யப்பட்டது. பெருக்குபவர் பெற்ற உரிமை, இரும்பு தூக்கியவரின் வழக்கில் பறிபோனது. இருவரும் ஒரே தெருவிலிருந்து வருபவர்கள் என்பது தீர்ப்பில் எழுதப்படாத உண்மை.

ஆனால் அதே தீர்ப்பு இரண்டு கதவுகளைத் திறந்தும் வைத்தது. ஒன்று, ஒப்பந்தம் வெறும் போர்வையாக இருந்தால் தொழிலாளர் முதன்மை வேலையளிப்பவரின் பணியாளராகவே கருதப்படுவர். மற்றொன்று, ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்ட வேலைக்கு நிறுவனம் நிரந்தர ஆட்களை எடுக்கும்போது, முன்பு அங்கே உழைத்த ஒப்பந்தத் தொழிலாளருக்கு முன்னுரிமை தர வேண்டும். தேவைப்பட்டால் வயது வரம்பையும், தொழில்நுட்பத் தகுதி அல்லாத கல்வித் தகுதியையும் தளர்த்த வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தப் பழைய கட்டை மேலும் இறுக்கியிருக்கின்றன. பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்பு, நிறுவனத்தின் ‘மையப் பணி’யில் ஒப்பந்த முறையைத் தடைசெய்கிறது. அதே மூச்சில், எவை மையப் பணி ஆகா என ஒரு பட்டியலும் தருகிறது. அந்த வேலைக்கென்றே அமைந்த நிறுவனமாக இருந்தாலொழிய, துப்புரவு மையப் பணி இல்லை. ஏற்றுதல் இறக்குதலும் மையப் பணி இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் அத்தியாயம் பொருந்துவதற்கான எண்ணிக்கையும் 20இலிருந்து 50 ஆக உயர்ந்துவிட்டது. நம் மக்கள் மிகுதியாக உள்ள இரண்டு வேலைகளையும் ஒரே பட்டியலில் வைத்து, ‘இவை இந்த ஆலையின் வேலையே அல்ல’ என்று சொல்லியிருக்கிறது சட்டம்.

கட்டுவது ஏற்றுவது அல்ல

இங்கேதான் நம் வாதம் தொடங்க வேண்டும். குழாயைக் கட்டுவது ‘ஏற்றுதல்’ அன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ‘உற்பத்திச் செயல்முறை’ என்பதை வரையறுத்தபோது, செய்தல், மாற்றுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றோடு பொதிதலையும் சேர்த்தே எழுதியது. புதிய தொகுப்பும் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. குழாய்களை எண்ணிக் கட்டு ஆக்குவது பொதிதல். பொதிதல் உற்பத்தி. குழாய் ஆலையில் உற்பத்தி மையப் பணி ஆகாது என்றால், மையப் பணி என்று வேறு எதைச் சொல்வது?

தானியங்கி இயந்திரம் இந்த வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. முன்பு கட்டும் மேடை ஆலையின் ஒரு மூலையில் தனித்து இருந்தது. ‘அது ஒப்பந்தக்காரரின் பகுதி’ என்று நிர்வாகம் சொல்ல முடிந்தது. இப்போது முனை சீவுதல் முதல் பட்டை பூட்டுதல் வரை ஒரே கட்டுப்பாட்டுப் பலகையின்கீழ் ஒரே வரிசையாக ஓடுகிறது. இயந்திரம் நிறுவனத்துடையது, வேகத்தை நிர்ணயிப்பது நிறுவனம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்பவர் நிறுவனத்தின் பொறியாளர். அந்த வரிசையில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியைக் கட்டுப்படுத்துவது யார், மேற்பார்வை செய்வது யார் என்ற கேள்விக்கு விடை சொல்ல நீண்ட சாட்சியம் தேவையில்லை. ஒப்பந்தம் போர்வையா இல்லையா என்று நீதிமன்றங்கள் பார்க்கும் சோதனைகளில் முக்கியமானது இதுதான்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாசல் உண்டு. வழக்கமாகவே ஒப்பந்தக்காரர் வழியாக நடந்துவரும் வேலை என்றால் மையப் பணியிலும் விலக்கு கோரலாம் என்று தொகுப்பு சொல்கிறது. ‘எப்போதும் இப்படித்தான் நடந்தது’ என்பது சாதியின் வாதம். அதைச் சட்டத்தின் வாதமாக மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. கையால் கட்டிய காலத்து வழக்கம் வேறு, இயந்திர வரிசை வேறு. புதிய வரிசைக்குப் பழைய வழக்கம் கிடையாது என்று மறுக்க வேண்டும்.

யாருக்கு அறிவிப்பு?

ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மேம்பாட்டைப் புகுத்துமுன் தொழிலாளருக்கு அறிவிப்பு தர வேண்டும். அறிவிப்பு தந்து 21 நாட்களுக்குள் மாற்றத்தைச் செய்யக் கூடாது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவில் இருந்த இந்தக் கடமை, தொழில் உறவுகள் தொகுப்பின் 40ஆம் பிரிவில் தொடர்கிறது. ஆட்குறைப்பு என்றால் ஓராண்டு தொடர்ந்து பணி செய்தவருக்கு ஒரு மாத அறிவிப்பும், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் உண்டு. புதிதாக, மறுபயிற்சி நிதியிலிருந்து 15 நாள் ஊதியம் 45 நாட்களுக்குள் கணக்கில் சேர வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. இன்னொரு பக்கம், அரசின் முன் அனுமதி பெற வேண்டிய ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆகிவிட்டது.

காகிதத்தில் உரிமை இருக்கிறது, கைக்கு வருவதில்லை. ‘இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை’ என்கிறது நிறுவனம். ‘இயந்திரம் வாங்கியது நான் இல்லை, நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்’ என்கிறார் ஒப்பந்தக்காரர். இருவர் சொல்வதையும் சேர்த்துப் படித்தால், இயந்திரத்தால் எவருமே வேலை இழக்கவில்லை என்று ஆகிறது. எவரையும் வெளியேற்றாமலே நாற்பது பேர் வெளியே நிற்கும் வித்தை இது.

பொதுத்துறை ஆலைகளில் இன்னொரு இழப்பும் சேர்கிறது. இடஒதுக்கீடு பணியிடத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. அனுப்புகைப் பிரிவின் வேலைகள் ஒப்பந்தத்துக்குப் போனபோது அந்தப் பணியிடங்கள் மறைந்தன. பின்பு இயந்திரம் வந்தபோது ஒப்பந்த வேலையும் மறைந்தது. இரண்டு படிகளில் நடந்ததால், இடஒதுக்கீடு பறிக்கப்பட்டது என்று சுட்டிக்காட்ட ஒரு தேதிகூடக் கிடைப்பதில்லை.

மிஞ்சும் வேலை எது?

இயந்திரம் வந்த பின்பும் மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். கட்டுப்பாட்டுப் பலகைக்கு ஒருவர், பராமரிப்புக்கு ஓரிருவர். இவை பயிற்சியும் கூடுதல் ஊதியமும் உள்ள இடங்கள். குழாய் முனைக்கு மூடி போடுதல், அடிக்கட்டை வைத்தல், அறுந்த பட்டைகளைப் பொறுக்குதல், லாரித் தளத்தில் ஏறிக் கட்டுகளைச் சரிசெய்தல், குழாய் மாட்டி இயந்திரம் நின்றால் உள்ளே கை விட்டு எடுத்தல். இவை மற்ற இடங்கள். முதல் வகைக்கு நிரந்தர ஆட்களும் இரண்டாம் வகைக்கு எஞ்சிய ஒப்பந்த ஆட்களும் என்று பிரிந்தால், இயந்திரம் சாதிப் படிநிலையைப் புதிய தகரத்தில் வார்த்துக் கொடுத்திருக்கிறது என்றே பொருள்.

மாட்டிய குழாயை எடுப்பதுதான் இவற்றில் உயிருக்கு ஆபத்தானது. உணர்கருவி மீண்டும் சமிக்ஞை பெற்றால் தாங்கு கரம் எச்சரிக்கையின்றி நகரும். மின்சாரத்தையும் காற்றழுத்தத்தையும் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே போகிறவரே வைத்திருப்பதுதான் முறை. ஓடும் இயந்திரத்தின் அருகே பணிபுரியச் சிறப்புப் பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டவரையே அனுமதிக்க வேண்டும் என்பது தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு நிலைநாட்டிய கொள்கை. பயிற்சி தராத ஒப்பந்தத் தொழிலாளியை உள்ளே அனுப்புவது அந்தக் கொள்கையையே மீறுவதாகும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, காலம். இயந்திரம் நிறுவப்பட்ட பின் தொடுக்கும் வழக்கு இழப்பீட்டு வழக்காகச் சுருங்கிவிடும். அடித்தளம் தோண்டத் தொடங்கும்போதே, நிறுவனத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி மாற்ற அறிவிப்பைக் கோர வேண்டும். சமரச அதிகாரிமுன் தகராறு நிலுவையில் இருக்கும்போது, அது தொடர்பான பணி நிலைமைகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றுவதற்குச் சட்டத்தில் தடை உண்டு.

இரண்டாவது, காகிதம். நுழைவு அட்டை, வருகைப் பதிவின் நகல், பாதுகாப்புப் பயிற்சியில் கையெழுத்திட்ட தாள், வைப்புநிதி எண், ஈஎஸ்ஐ எண், மேற்பார்வையாளர் அனுப்பிய கைபேசிச் செய்திகள் ஆகியவற்றைச் சேமித்து வைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் மாறிமாறி வந்தும் தொழிலாளி மாறவில்லை என்பதை இவையே நிறுவும். 2025 நவம்பருக்கு முன் எழுந்த உரிமைகளைப் பழைய சட்டங்களின் அடிப்படையில் கோர இவை மிகவும் தேவை.

மூன்றாவது, பயிற்சி. புதிய இயந்திரத்தை இயக்கும் பயிற்சியில் முதலிடம் அதே வேலையைக் கையால் செய்தவர்களுக்கே என்பது கோரிக்கைப் பட்டியலின் தலைப்பில் இருக்க வேண்டும். அடுக்கு எப்போது குலையும், பட்டை எந்த ஓசையில் அறுபடும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். உருக்கு ஆணையத் தீர்ப்பின் முன்னுரிமைக் கொள்கையை இங்கே எடுத்துக்காட்டலாம்.

நான்காவது, அடுத்த தலைமுறை. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்று கேட்டுக் கேட்டு, இருப்பதையும் மறந்துவிடுகிறோம். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் 3ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை வேலையளிப்பவர் ஒதுக்க வேண்டும் என்கிறது. தனியார் ஆலைக்கும் இது பொருந்தும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளில் பயின்றவர்கள்தாம் நாளை அந்தக் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் நிற்பார்கள். ஒவ்வோர் ஆலையும் எத்தனை இடம் ஒதுக்கியது, எத்தனை நிரப்பியது என்று தொழில் பழகுநர் பயிற்சி அலுவலகங்களில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு.

ஒசூரிலும் திருச்சியிலும், குஜராத்தின் அஞ்சாரிலும், ஒடிசாவின் ரூர்கேலாவிலும் குழாய் செய்கிறார்கள். ஊர் மாறினாலும் சட்டம் ஒன்றுதான். கட்டும் மேடையில் நிற்பவர்களின் நிலையும் பெரிதாக மாறுவதில்லை. முப்பது கிலோ இரும்பைத் தூக்கும் வேலையிலிருந்து நம் மக்கள் விடுபடத்தான் வேண்டும். அந்த விடுதலை ஆலையின் வாசலுக்கு வெளியே தள்ளப்படுவதாக அமையக் கூடாது. வரிசையின் மறுமுனையில் உள்ள நாற்காலியில் போய் அமர்வதாக இருக்க வேண்டும். அதற்கான கடிதத்தை, இயந்திரத்தின் பெட்டி பிரிக்கப்படுமுன் எழுதிவிட வேண்டும்.